சமூக ஊடகம் வழியே கட்டளை வாங்கும் தீநிரலிடமிருந்து அலுவலக நெட்வொர்க்கைக் காப்பது எப்படி?

ஒரு கணினிக்குள் புகுந்துவிட்ட தீநிரல், அடுத்து என்ன செய்வது என்பதைப் பெரும்பாலும் வெளியே இருக்கும் ஒருவரிடம் கேட்டுத்தான் செய்கிறது. எந்தக் கோப்புறையைத் துழாவ வேண்டும், திரையை எப்போது படமெடுக்க வேண்டும், எடுத்ததை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்ற கட்டளைகள் வந்துசேர அதற்கு ஒரு தடம் தேவைப்படுகிறது. முன்பெல்லாம் தாக்குபவர்கள் இதற்கென்றே எங்கோ ஒரு சர்வரை வாடகைக்குப் பிடித்து வைத்திருப்பார்கள். யாரும் கேள்விப்படாத அந்த முகவரி ஃபயர்வால் பதிவில் கண்ணில் பட்டதும் அதைத் தடுத்துவிட்டால் தடம் அறுந்துவிடும். அதே கட்டளை ஓர் எக்ஸ் பதிவாகவோ, இன்ஸ்டாகிராம் படத்துக்குக் கீழே இடப்பட்ட பின்னூட்டமாகவோ, டெலிகிராம் பாட் (தானியங்கிக் கணக்கு) அனுப்பும் செய்தியாகவோ வரும்போது இந்த எளிய தற்காப்பு பயனற்றுப் போகிறது. அலுவலகத்தில் பலரும் அன்றாடம் திறக்கும் தளம், முறையான சான்றிதழோடு மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்பு, எந்தத் தடுப்புப் பட்டியலிலும் இல்லாத பெயர் என்று எல்லாம் சரியாக இருக்கும்போது, அதைச் சந்தேகிக்க ஃபயர்வாலுக்கு ஒரு காரணமும் இல்லை.

30 கணினிகள் முதல் சில நூறு கணினிகள் வரை உள்ள நெட்வொர்க்கை ஒருவரோ இருவரோ கவனித்துக்கொள்ளும் கல்லூரி, கூட்டுறவுச் சங்கம், ஏற்றுமதி நிறுவனம், நடுத்தர மருத்துவமனை போன்ற இடங்களை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். சமூக ஊடகத்தை முழுவதுமாகத் தடுப்பதா வேண்டாமா என்ற வாக்குவாதத்தில் நேரத்தைக் கரைப்பதைவிட, அந்தத் தளத்தோடு பேசுவது யார் என்று கேட்கப் பழகுவதுதான் இதில் முதன்மையான வேலை என்பது என் உறுதியான கருத்து. எந்தக் கணினி, அதில் எந்த நிரல், எந்த நேரத்தில், யாருடைய பணிக்காகப் பேசுகிறது என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை சொல்ல முடிகிற நெட்வொர்க்கில் இந்த வகைத் தீநிரல் நெடுநாள் ஒளிந்திருப்பது கடினம். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த விடையைப் பெறுவதற்காகத்தான்.

எதிராளியின் வழக்கம்

தாக்குதல் உத்திகளைப் பட்டியலிடும் மைட்டர் நிறுவனத்தின் அட்டாக் வகைப்பாட்டில் இந்த உத்திக்கு டி1102 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். அதன் கீழ் மூன்று உட்பிரிவுகள் உள்ளன. முதலாவதில், சமூக ஊடகப் பக்கத்தில் கட்டளை இருக்காது. உண்மையான கட்டளை சர்வரின் முகவரி மட்டும் உருமாற்றி எழுதப்பட்டிருக்கும். உளவாளிகள் மரப்பொந்தில் துண்டுச்சீட்டு வைத்துவிட்டுப் போவதைப் போன்றது என்பதால் இதற்கு டெட் டிராப் என்று பெயர். இரண்டாவதில், கட்டளை வருவதும் திருடிய தரவு திரும்பிப் போவதும் ஒரே தளத்தின் வழியாகவே நடக்கும். மூன்றாவதில், கட்டளை மட்டும் தளத்திலிருந்து வரும். பதில் வேறு தடத்தில் போகும், அல்லது போகவே போகாது. இந்த வேறுபாடு ஏட்டுப் படிப்புக்கானது என்று தள்ளிவிட வேண்டாம். முதல் வகையில், சமூக ஊடகப் பக்கத்தைத் தொட்ட சில நொடிகளுக்குள் அதே கணினி முன்பின் அறியாத ஒரு முகவரிக்குப் போகும். பதிவேட்டில் எந்த நிமிடத்தை உற்றுப் பார்க்க வேண்டும் என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த வழக்கம் புதிதன்று. 2009 ஆகஸ்டில், ஆர்பர் நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர் ஹோசே நசாரியோ, பொருளற்ற எழுத்துக் கோவைகளை மட்டும் வெளியிட்டுக்கொண்டிருந்த ஒரு ட்விட்டர் கணக்கைக் கண்டுபிடித்தார். அந்தக் கோவைகள் பேஸ்64 என்ற குறியாக்க முறையில் எழுதப்பட்ட சுருக்க இணைப்புகள். அவற்றைப் பின்தொடர்ந்தால் தகவல் திருடும் நிரல் இறங்கியது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2015 ஜூலையில் ஃபயர்ஐ நிறுவனம் வெளியிட்ட ஹேமர்டாஸ் பற்றிய அறிக்கை, இதே உத்தி எவ்வளவு நுட்பமாக வளர்ந்துவிட்டது என்பதைக் காட்டியது. ரஷ்ய உளவுக் குழுவாகக் கருதப்படும் ஏபிடி29 உருவாக்கிய அந்தத் தீநிரல், ஒவ்வொரு நாளும் ஒரு ட்விட்டர் கணக்குப் பெயரைத் தானே கணக்கிட்டு, அந்தப் பெயரில் கணக்கு இருக்கிறதா என்று போய்ப் பார்க்கும். இல்லையென்றால் அன்று சும்மா இருந்துவிட்டு மறுநாள் வேறு பெயரைத் தேடும். கணக்கு இருந்தால், அதன் பதிவில் ஓர் இணைப்பும் ஒரு ஹேஷ்டேகும் இருக்கும். இணைப்பு கிட்ஹப் போன்ற தளத்தில் உள்ள ஒரு படத்துக்கு இட்டுச் செல்லும். ஹேஷ்டேகில் 101 என்ற எண்ணும் அதையடுத்து ஐந்து எழுத்துகளும் இருந்தால், அந்தப் படக் கோப்பின் 101ஆவது பைட்டிலிருந்து மறைசெய்தி தொடங்குகிறது, அதைத் திறக்கும் சாவியின் வால்பகுதி அந்த ஐந்து எழுத்துகள் என்று பொருள். படத்தைத் திறந்து பார்ப்பவருக்கு அது வெறும் படம். தாக்கப்பட்டவரின் அலுவலக நேரத்தில் மட்டும் இயங்கும்படியும் அதை அமைக்க முடிந்தது.

2017 ஜூனில் ஈசெட் நிறுவனம் வெளியிட்ட துர்லா என்ற உளவுக் குழுவைப் பற்றிய ஆய்வைத் தமிழில் எழுதும் நாம் தனியாகக் கவனிக்க வேண்டும். ஒரு சுவிஸ் பாதுகாப்பு நிறுவனத்தின் தளத்தை ஊடுருவி, அதன் வழியாக ஒரு ஃபயர்ஃபாக்ஸ் நீட்சியை (பிரவுசரில் சேர்க்கும் கூடுதல் நிரலை) அந்தக் குழு பரப்பியிருந்தது. அந்த நீட்சி, பிரிட்னி ஸ்பியர்ஸின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒரு படத்துக்கு வந்த பின்னூட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு கணக்கீட்டைச் செய்து, விடை 183 என்று வரும் பின்னூட்டத்தைத் தேடியது. பார்ப்பதற்கு ஏதோ ஒரு ரசிகர் எழுத்துப் பிழைகளோடு உளறியதைப் போல இருந்த அந்த ஒரு வரியில், சில எழுத்துகளுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்துக்குறி செருகப்பட்டிருந்தது. அகலமற்ற இணைப்பான் எனப்படும் ஜீரோ விட்த் ஜாய்னர் என்ற யூனிகோடு குறி அது. அந்தக் குறியையும் ஹேஷ்டேக் அடையாளத்தையும் அடுத்து வரும் எழுத்துகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்தால் ஒரு சுருக்க இணைப்பு கிடைத்தது. அங்கிருந்து கட்டளை சர்வரின் முகவரி.

கண்ணுக்குத் தெரியாத குறி இருக்கும் உரையையெல்லாம் தடுத்துவிடலாமே என்று இதைப் படிப்பவருக்குத் தோன்றலாம். நம் பகுதியில் அது நடக்காது. அகலமற்ற இணைப்பான் சிங்கள எழுத்துருவில் கூட்டெழுத்துகளுக்கு அன்றாடம் பயன்படுகிறது. குடும்பப் படம் போன்ற பல எமோஜிகள் அதனால்தான் ஒன்றாக இணைந்து தெரிகின்றன. அதன் உடன்பிறப்பான இணைவு நீக்கியைத் தமிழிலேயே, க் என்பதும் ஷ என்பதும் ஒட்டாமல் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பயன்படுத்துகிறோம். ஆங்கில உரையை மட்டும் கணக்கில் வைத்து எழுதப்பட்ட ஒரு வடிகட்டியை அப்படியே எடுத்துப் போட்டால், நேர்மையான மடல்கள்தான் முதலில் சிக்கும். செய்தியின் உள்ளடக்கத்தைத் துருவித் தீநிரலைப் பிடிக்க முயல்வது இந்த விஷயத்தில் தோற்கும் வழி. படிப்பவர் யார் என்பதைப் பார்ப்பதே நமக்கு வசப்படும் வழி.

முதல் படி: யாருக்கு எது தேவை என்று எழுதுங்கள்

ஒரு தாளிலோ ஸ்ப்ரெட்ஷீட்டிலோ துறைவாரியாக எழுதத் தொடங்குங்கள். விளம்பரப் பிரிவுக்கு ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வேலைக்கே தேவை. வாடிக்கையாளர் தொடர்புப் பிரிவு வாட்ஸ்அப் வெப் இல்லாமல் இயங்காது. நிரலாளர்களுக்கு கிட்ஹப் வேண்டும். கணக்குப் பிரிவுக்கும் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் கணினிக்கும் இவற்றில் எதுவுமே தேவைப்படாமல் இருக்கலாம். இந்தப் பட்டியலைத் துறைத் தலைவரிடம் காட்டிக் கையொப்பம் வாங்கிவிடுவது நல்லது. பிறகு ஒன்றைத் தடுக்கும்போதும் ஒருவரிடம் விளக்கம் கேட்கும்போதும் அந்தக் கையொப்பம் உங்களுக்குத் துணை நிற்கும்.

பட்டியல் எழுதும்போது உங்கள் சொந்த ஸ்கிரிப்ட்களை மறந்துவிடாதீர்கள். சர்வர் நின்றுபோனால் டெலிகிராம் பாட் மூலம் செய்தி அனுப்பும்படி பலர் அமைத்து வைத்திருப்பார்கள். அது எந்த இயந்திரத்திலிருந்து போகிறது என்று குறித்து வைக்காவிட்டால், பின்னால் தீநிரலைத் தேடும்போது உங்கள் எச்சரிக்கை ஸ்கிரிப்டையே துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டாம் படி: சர்வர்கள் வெளியே பேசக் கூடாது

குறைந்த உழைப்பில் அதிகப் பலன் தருவது இந்தப் படிதான். கோப்பு சர்வர், டேலி இயங்கும் சர்வர், தரவுத்தள சர்வர், பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் டொமைன் கன்ட்ரோலர், சிசிடிவி பதிவுக் கருவி, பிரிண்டர் ஆகிய எதற்கும் சமூக ஊடகத்தோடு பேச வேண்டிய வேலை இல்லை. இவற்றைத் தனி விலேனில் (நெட்வொர்க்குக்குள் பிரித்து வைத்த தனிப் பகுதியில்) வைத்து, வெளியே போகும் இணைப்புகள் அனைத்தையும் ஃபயர்வாலில் முதலில் மூடிவிட்டு, விண்டோஸ் அப்டேட், ஆன்டிவைரஸ் புதுப்பிப்பு, பேக்கப் சேவை என்று உண்மையிலேயே தேவைப்படும் முகவரிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்துவிடுங்கள். முதல் வாரம் சில சேவைகள் தடைபட்டு அழைப்புகள் வரும். அவற்றைப் பொறுமையாகச் சரிசெய்தால் இரண்டாம் வாரத்திலிருந்து அமைதியாகிவிடும். அதன்பின் ஒரு சர்வர் டெலிகிராமையோ டிஸ்கார்டையோ தொட முயன்றால், அந்த ஒற்றை வரியே எச்சரிக்கையாகப் போதும். ஆகவே தடுக்கப்பட்ட முயற்சிகளையும் ஃபயர்வால் பதிவுசெய்கிறதா என்று பாருங்கள். தடுத்துவிட்டுப் பதிவுசெய்யாமல் இருப்பது, திருடனை வாசலில் நிறுத்திவிட்டு முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்துவதற்குச் சமம்.

மூன்றாம் படி: எல்லாக் கேள்விகளும் ஒரே டிஎன்எஸ் வழியே

எந்தக் கணினியும் ஒரு தளத்தை அடைவதற்கு முன், அதன் பெயரைச் சொல்லி எண் முகவரியை டிஎன்எஸ் என்ற சேவையிடம் கேட்கிறது. அந்தக் கேள்விகள் அனைத்தும் உங்கள் டிஎன்எஸ் சர்வர் வழியாகவே போக வேண்டும். டிஎன்எஸ் கேள்விகள் போகும் வாசலான 53ஆம் போர்ட் வழியாக வேறு டிஎன்எஸ் சர்வரை நேரடியாகக் கேட்பதை ஃபயர்வாலில் தடுத்துவிடுங்கள். டிஎன்எஸ் சர்வரில் கேட்டவர், கேட்ட பெயர், கேட்ட நேரம் மூன்றும் பதிவாகும்படி செய்யுங்கள். பிரவுசர்கள் மறையாக்கம் செய்த டிஎன்எஸ்ஸைத் தாமாகவே பயன்படுத்தத் தொடங்கினால் இந்தப் பதிவில் ஓட்டை விழும். விண்டோஸ் அமைப்புகளை ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தும் குரூப் பாலிசி மூலம் அலுவலகக் கணினிகளில் அதை அணைத்துவிட முடியும். க்யூஐசி எனப்படும் புதிய நெறிமுறை யூடிபி 443ஆம் போர்ட்டில் ஓடுவதால், இடைநின்று இணைப்புகளைச் சோதிக்கும் சில ப்ராக்ஸிகளின் கண்ணுக்கு அது தப்பிவிடும். அந்தப் போர்ட்டை மூடினால் பிரவுசர் தானாகவே வழக்கமான டிசிபி வழிக்குத் திரும்பிவிடும், பயனருக்குப் பெரிதாக எதுவும் தெரியாது.

நான்காம் படி: நிரலின் பெயரைப் பிடியுங்கள்

ஃபயர்வாலும் டிஎன்எஸ்ஸும் கணினியைத்தான் காட்டும். கணினிக்குள் பேசியது எந்த நிரல் என்று அவற்றுக்குத் தெரியாது. அதற்கு ஒவ்வொரு கணினியிலும் ஒரு கண் வேண்டும். கணினிக்குள் நடப்பதைக் கண்காணிக்கும் ஈடிஆர் மென்பொருளுக்குப் பணம் ஒதுக்க முடிந்தால் அது நல்லது. முடியாதவர்கள், மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கும் சிஸ்மான் என்ற கருவியை நிறுவலாம். அதன் பதிவுகளில் நமக்கு முதலில் வேண்டியவை மூன்று. ஒரு நிரல் தொடங்கியதையும் அதைத் தொடங்கியது எது என்பதையும் சொல்லும் நிகழ்வு எண் 1. ஒரு நிரல் நெட்வொர்க் இணைப்பு ஏற்படுத்தியதைச் சொல்லும் எண் 3. ஒரு நிரல் எந்தப் பெயரை டிஎன்எஸ்ஸில் கேட்டது என்று சொல்லும் எண் 22. இந்த மூன்றையும் ஒரு மைய சர்வருக்கு அனுப்பிச் சேர்த்து வையுங்கள். அந்தந்தக் கணினியிலேயே விட்டுவைத்தால், உள்ளே புகுந்தவர் போகும்போது துடைத்துவிட்டுப் போக வாய்ப்பு உண்டு.

இனி, இவற்றை எப்படிப் படிப்பது என்பதற்கு ஒரு மாதிரி. கணக்குப் பிரிவின் ஒரு கணினியிலிருந்து வந்த இரண்டு வரிகள் உங்கள் முன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில், காலை 11.42க்கு குரோம் பிரவுசர் வெப்.டெலிகிராம்.ஆர்க் என்ற பெயரைக் கேட்டிருக்கிறது. இரண்டாம் வரியில், மதியம் 1.15க்கு எஸ்விசிஹோஸ்ட் என்ற நிரல் ஏபிஐ.டெலிகிராம்.ஆர்க் என்ற பெயரைக் கேட்டிருக்கிறது. முதல் வரி, ஒருவர் டெலிகிராமைப் பிரவுசரில் திறந்திருக்கிறார் என்று சொல்கிறது. விதிமீறலாக இருக்கலாம், தாக்குதலாக இருக்க வாய்ப்புக் குறைவு. இரண்டாம் வரியில் மூன்று குற்றங்கள் உள்ளன. விண்டோஸின் உண்மையான எஸ்விசிஹோஸ்ட் சிஸ்டம்32 போன்ற விண்டோஸ் கோப்புறைகளில்தான் இருக்கும். நிகழ்வு எண் 1ஐப் புரட்டிப் பார்த்தால், இது பயனரின் ஆப்டேட்டா கோப்புறையிலிருந்து தொடங்கியிருப்பது தெரிகிறது. உண்மையானதைத் தொடங்கிவைப்பது சர்வீசஸ் என்ற நிரல். இதையோ ஓர் எக்செல் கோப்பிலிருந்து எழுந்த பவர்ஷெல் (விண்டோஸின் கட்டளை நிரல்) தொடங்கிவைத்திருக்கிறது. மூன்றாவதாக, ஏபிஐ.டெலிகிராம்.ஆர்க் என்பது பாட்கள் பேசும் வாசல். மனிதர்கள் பயன்படுத்தும் டெலிகிராம் செயலியும் டெலிகிராம் வெப்பும் செய்திகளுக்கு அந்த வாசலுக்குப் போவதில்லை. பாட் எதுவும் இயங்காத கணினிக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது.

இந்த மூன்றாவது செய்தியை மட்டும் வைத்தே நாளைக் காலையில் ஒரு நல்ல விதியை எழுதிவிடலாம்: முதல் படியில் நீங்கள் குறித்து வைத்த இயந்திரங்களைத் தவிர வேறு எதுவும் ஏபிஐ.டெலிகிராம்.ஆர்க்கைக் கேட்டால் தடு, எனக்குச் சொல். டெலிகிராம் பாட்களைக் கட்டளைத் தடமாகக் கொண்ட தீநிரல்கள் ஏராளம்; 2021இல் செக் பாயின்ட் நிறுவனம் விவரித்த டாக்சிக்ஐ அவற்றில் ஒன்று. டிஸ்கார்டில் இந்த அளவுக்கு வசதி இல்லை. திருடிய தரவைக் கொட்டப் பயன்படும் அதன் வெப்ஹூக்கும் (நிரல்கள் செய்தி அனுப்பும் முகவரி) மனிதர்கள் அரட்டை அடிக்கும் தளமும் ஒரே பெயரில் இயங்குவதால், பெயரை வைத்துப் பிரிக்க முடியாது. அலுவலகத்தில் டிஸ்கார்ட் யாருக்கும் தேவையில்லை என்று பட்டியல் சொன்னால் தயங்காமல் மூடிவிடுங்கள்.

ஐந்தாம் படி: நடத்தையைப் பாருங்கள்

எல்லாத் தீநிரலும் இப்படித் தன் பெயரைக் காட்டிக்கொண்டு வராது. துர்லாவின் நீட்சி பிரவுசருக்குள்ளேயே இருந்தது. அதன் இணைப்புகள் எல்லாம் ஃபயர்ஃபாக்ஸின் பெயரில்தான் பதிவாகும். வேறு சில, ஓடிக்கொண்டிருக்கும் நல்ல நிரலுக்குள் தம்மைச் செருகிக்கொள்ளும். அப்போது நடத்தைதான் பேசும்.

ஒரு மனிதர் பிரவுசரில் ஒரு சமூக ஊடகப் பக்கத்தைத் திறந்தால், அந்தப் பக்கத்தோடு படங்கள், காணொலிகள், எழுத்துருக்கள், ஸ்கிரிப்ட்கள் என்று பல துணைப் பெயர்களுக்கும் டிஎன்எஸ் கேள்விகள் கூட்டமாக எழும். தீநிரலுக்கோ ஒரு வரி உரை போதும். பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, படங்களைக் கேட்காமல் போய்விடும். ஆகவே டிஎன்எஸ் பதிவில் ஒரு சமூக ஊடகத்தின் முதன்மைப் பெயர் மட்டும் தனியாக வந்து, அதன் வழக்கமான துணைப் பெயர்கள் முன்னும் பின்னும் இல்லாமல் இருந்தால் நின்று பாருங்கள். ஏற்கெனவே சேமிப்பில் உள்ள பெயர்களைக் கணினி மீண்டும் கேட்காது என்பதால் ஒரு முறை இப்படி நடந்தால் பொருட்படுத்த வேண்டாம். நாள்தோறும் நடந்தால் பொருட்படுத்துங்கள்.

அடுத்தது காலம். கட்டளை இருக்கிறதா என்று 5 நிமிடத்துக்கு ஒரு முறையோ ஒரு மணிக்கு ஒரு முறையோ போய்ப் பார்க்கும் பழக்கம் தீநிரலுக்கு உண்டு. கெட்டிக்காரத் தீநிரல் அந்த இடைவெளியைச் சற்று முன்பின்னாகக் கலைத்துவிடும். ஆனாலும் நூறு முறை பார்த்தால் சராசரி தெரிந்துவிடும். ஜீக் என்ற கருவி சேகரிக்கும் இணைப்புப் பதிவுகளை ரீட்டா என்ற திறமூலக் கருவியில் கொடுத்தால், இப்படி இதயத் துடிப்புபோல ஒழுங்காகப் போய்வரும் இணைப்புகளை அது வரிசைப்படுத்திக் காட்டும். ஃபேஸ்புக் அறிவிப்புகளும் மின்னஞ்சல் செயலிகளும்கூட ஒழுங்கான இடைவெளியில்தான் பேசும் என்பதால், முதல் முறை வரும் பட்டியல் நீளமாக இருக்கும். பூட்டிய அலுவலகத்தில் இரவு முழுவதும் துடிப்பது எது, முந்தைய வாரம் இல்லாமல் இந்த வாரம் புதிதாகத் துடிப்பது எது என்ற இரண்டு கேள்விகளால் அதைச் சுருக்கிக்கொள்ளுங்கள். ஹேமர்டாஸைப் போல அலுவலக நேரத்தில் மட்டும் விழித்திருக்கும் தீநிரல் இரவுச் சோதனையில் சிக்காது என்பதையும் நினைவில் வைத்திருங்கள். அதற்கு முந்தைய படியின் நிரல் பெயரும் கோப்புறையும்தான் பிடி.

மறையாக்கத்தைப் பிரித்துப் பார்ப்பது பற்றி

மறையாக்கம் செய்த டிஎல்எஸ் இணைப்பை ப்ராக்ஸியில் பிரித்து உள்ளே பார்க்கும் வசதி பல ஃபயர்வால்களில் இருக்கிறது. எந்தக் கணக்கின் பக்கம் படிக்கப்பட்டது என்பதுவரை அது காட்டிவிடும். ஆனாலும் சிறிய நெட்வொர்க்குகளுக்கு இதை முதல் வேலையாக நான் பரிந்துரைப்பதில்லை. ஊழியரின் வங்கிக் கடவுச்சொல்லும் மருத்துவ விவரமும் ஒரே பெட்டியில் வெளிப்படையாக வந்து சேர்கின்றன. அந்தப் பெட்டி ஊடுருவப்பட்டால் எல்லாம் போயிற்று. செய்தே ஆக வேண்டுமென்றால் வங்கி, மருத்துவம், அரசுச் சேவைத் தளங்களை விலக்கி வையுங்கள். பிரித்துப் பார்க்கிறோம் என்று ஊழியர்களிடம் எழுத்து மூலம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நிரலின் பெயரும் நேரமும் கையில் இருந்தால் இது இல்லாமலேயே வெகுதூரம் போகலாம்.

ஆறாம் படி: நுழைவதையே கடினமாக்குங்கள்

கட்டளைத் தடத்தைக் கண்டுபிடிப்பது, தீநிரல் ஏற்கெனவே உள்ளே வந்த பிறகு நடக்கும் வேலை. பிரவுசர் நீட்சிகளை யாரும் விருப்பம்போல நிறுவ முடியாதபடி குரூப் பாலிசியில் அனைத்தையும் தடுத்துவிட்டு, தேவையான சிலவற்றை மட்டும் அனுமதியுங்கள்; குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் இது முடியும். ஆப்டேட்டா, டவுன்லோட்ஸ், டெம்ப் ஆகிய கோப்புறைகளிலிருந்து நிரல்கள் இயங்குவதை விண்டோஸின் ஆப்லாக்கர் போன்ற கட்டுப்பாட்டால் நிறுத்துங்கள். மேலே பார்த்த போலி எஸ்விசிஹோஸ்ட் அங்கேயே செத்திருக்கும். இணையத்திலிருந்து வந்த ஆபீஸ் கோப்புகளில் மேக்ரோ (கோப்புக்குள் இருக்கும் குறுநிரல்) இயங்கக் கூடாது. அன்றாட வேலைக்கு யாருக்கும் அட்மின் உரிமை கூடாது, உங்களுக்கும்கூட. ஊழியர்களின் சொந்தக் கைப்பேசிகளுக்குத் தனி வைஃபை கொடுத்து, அங்கிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குப் பாதையே இல்லாமல் செய்துவிட்டால், அவர்களின் இன்ஸ்டாகிராமும் எக்ஸும் உங்கள் பதிவேட்டை நிறைக்காது. அதற்குப் பிறகு அலுவலகக் கணினியிலிருந்து போகும் சமூக ஊடக இணைப்புகள் எண்ணிக்கையில் குறைந்து, ஒவ்வொன்றும் கேள்வி கேட்கத் தக்கதாக ஆகிவிடும்.

கண்டுபிடித்துவிட்டால்

முதல் ஐந்து நிமிடத்தில் செய்யக் கூடாதவை இரண்டு. அந்தச் சமூக ஊடகக் கணக்கை அலுவலக நெட்வொர்க்கிலிருந்தோ உங்கள் சொந்தக் கணக்கிலிருந்தோ திறந்து பார்க்காதீர்கள். சுருக்க இணைப்பைச் சொடுக்குவது இன்னும் மோசம், ஏனெனில் எத்தனை பேர், எங்கிருந்து சொடுக்கினார்கள் என்று எதிராளியால் பார்க்க முடியும். கணினியை அணைக்கவும் வேண்டாம். நினைவகத்தில் மட்டும் வாழும் தீநிரல்களும் அவற்றின் சாவிகளும் மின்சாரத்தோடு சேர்ந்து போய்விடும்.

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், கணினியை ஓடவிடுங்கள். நினைவகப் பிரதி எடுக்கத் தெரிந்தவர் இருந்தால் அதை எடுக்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் இருக்கைக்குத் திரும்பி, அதே பெயரை, அதே இடைவெளியில், அதே நிரல் பெயரோடு கேட்ட வேறு கணினிகள் உண்டா என்று டிஎன்எஸ் பதிவையும் சிஸ்மான் பதிவையும் தேடுங்கள். டெட் டிராப் வகையாக இருந்தால், சமூக ஊடகத்தைத் தொட்ட உடனே அந்தக் கணினி போன முகவரிகளைக் குறித்து, அவற்றை நெட்வொர்க் முழுவதும் தடுங்கள். சமூக ஊடக நிறுவனத்திடம் புகார் செய்து கணக்கை முடக்கவைப்பது அவசியம்தான். எத்தனை கணினிகள் பாதிக்கப்பட்டிருக்கின்றன என்று தெரிந்த பிறகு அதைச் செய்யுங்கள். முன்னதாகவே கணக்கு மறைந்துவிட்டால், எதிராளி விழித்துக்கொண்டு வேறு தடத்துக்குத் தாவிவிடுவார், நமக்குத் தேடக் கிடைத்த ஒரே அடையாளமும் போய்விடும்.

அந்தக் கணினியில் பயன்படுத்திய கடவுச்சொற்கள் அனைத்தையும் வேறொரு சுத்தமான கணினியிலிருந்து மாற்றுங்கள். திறந்திருக்கும் செஷன்களையும் (ஏற்கெனவே உள்நுழைந்த நிலைகளையும்) வெளியேற்றுங்கள். உள்நுழைவை நினைவில் வைக்கப் பிரவுசரில் சேமித்த குக்கி திருடப்பட்டிருந்தால், புதிய கடவுச்சொல் மட்டும் காப்பாற்றாது. தீநிரலை நீக்கிவிட்டோம் என்று நம்பிக் கணினியைத் திருப்பிக் கொடுக்காமல், வட்டை அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவிக் கொடுங்கள்.

இந்தியாவில் இயங்கும் நிறுவனங்களுக்கு ஒரு சட்டக் கடமையும் உண்டு. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணைப்படி, இத்தகைய நிகழ்வைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள்கள் சேமித்து வைத்திருக்க வேண்டும். 6 மணி நேரம் என்பது, யாரை அழைப்பது, யார் கையெழுத்திடுவது என்று அப்போதுதான் யோசிக்கத் தொடங்குபவருக்குப் போதாது. படிவத்தை இன்றே நிரப்பிப் பார்த்து, பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி வைத்துவிடுங்கள். இலங்கையில் இருப்பவர்கள் இலங்கை செர்ட்டையும், மலேசியாவில் இருப்பவர்கள் மைசெர்ட்டையும், சிங்கப்பூரில் இருப்பவர்கள் சிங்செர்ட்டையும் நாடலாம்.

சோதித்துப் பாருங்கள்

இவ்வளவும் செய்து முடித்த பிறகு, மேலாளரின் அனுமதியோடு மாதம் ஒரு முறை ஒரு சிறு ஒத்திகை நடத்துங்கள். கணக்குப் பிரிவில் ஒரு கணினியில் பவர்ஷெல்லைத் திறந்து, ஏபிஐ.டெலிகிராம்.ஆர்க் பக்கத்தை ஒரே ஒரு முறை கேட்கச் செய்யுங்கள். இதில் தீங்கு எதுவும் இல்லை. தீநிரல் செய்வதன் முதல் அசைவு மட்டுமே இருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஃபயர்வால் தடுத்ததா, உங்கள் மின்னஞ்சலுக்கு எச்சரிக்கை வந்ததா, வந்த எச்சரிக்கையில் கணினியின் பெயரோடு பவர்ஷெல் என்ற நிரலின் பெயரும் இருந்ததா என்று பாருங்கள். தடுத்தும் எச்சரிக்கை வரவில்லையென்றால் பதிவு மைய சர்வருக்கு வந்துசேரவில்லை என்று பொருள். எச்சரிக்கையில் நிரலின் பெயர் இல்லையென்றால் அந்தக் கணினியில் சிஸ்மான் நின்றுபோயிருக்கிறது. எதுவுமே நடக்கவில்லையென்றால் அந்தக் கணினி உங்கள் டிஎன்எஸ்ஸைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக வெளியே போகிறது, அந்த வழியைத் தேடும் வேலையை அன்றே தொடங்குங்கள்.